லாரிக்குக் காவல் வைத்த கருவாடு

மன்னிப்புக் கேட்காமல் மால்சுன் ஒரு நாளைக் கழித்து நான் பார்த்ததில்லை. தட்டு எடுக்கும்போது டிரைவரின் முழங்கை இடித்தால் "மன்னிச்சிடுங்க" என்பாள். இடித்தது அவனாக இருக்கும். அடுப்படிக்குள் நுழைந்த பூனையை விரட்டிவிட்டு அதனிடமும் மன்னிப்புக் கேட்பாள். "ஏண்டி, கொலை பண்ணிட்டு வந்தவ மாதிரியே எப்பவும் நிக்கிறே?" என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அப்படிப்பட்டவள் போன குளிர்காலம் முழுவதும் யாரிடமும் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. உடம்புக்கு ஏதோ என்றுதான் நான் நினைத்தேன்.

போஹாங்கில் எஃகு ஆலைக்குப் போகும் சாலையில், லாரிப் பேட்டைக்கு எதிரே இருப்பது என் சாப்பாட்டுக் கடை. டிரைவர்கள் என்னைச் சின்னம்மா என்பார்கள். என்னைவிட வயதில் மூத்த தடியன்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை. மால்சுன் என் அடுப்படியில் பல வருடமாக வேலை செய்கிறாள். அவள் புருஷன் ஜோங்தே எதிர்ப் பேட்டையில் டிரெய்லர் ஓட்டுகிறான். சொந்த வண்டி, அதாவது கடன் தீர்ந்தால் சொந்தமாகும் வண்டி.

அவள் குர்யோங்போ துறைமுகத்துக்காரி. ஒரு படகுக்காரருக்கு வரிசையாகப் பிறந்த பெண்களில் கடைசி. மால்சுன் என்றால் பெண் இதோடு போதும் என்று அர்த்தம். "பேரை வச்சதும் அடுத்து தம்பி பொறந்தான் அக்கா, அதுக்கப்புறம்தான் எங்கப்பா என்னை மூஞ்சி பாத்துப் பேசினாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கணவாய் மீன் கிழித்துக் கொடியில் காயப்போட்டு வளர்ந்தவள். ஜோங்தேயைக் கட்டிக்கொண்ட பிறகு கடலுக்குப் பயந்தது போய்ச் சாலைக்குப் பயப்பட ஆரம்பித்தாள். அவன் ஏற்றுவது எஃகுச் சுருள். லாரிக்காரன் பிரேக்கை மிதித்தாலும் அந்தச் சுருளுக்கு நிற்க மனம் வர வேண்டுமே. சங்கிலி அறுந்து கேபினுக்குள் சுருள் புகுந்த கதைகள் எங்கள் பேட்டையில் உண்டு. மாலையில் எத்தனை வண்டி உள்ளே திரும்பினாலும் ஜோங்தேயின் வண்டிச் சத்தம் அவளுக்குத் தனியாகத் தெரியும். அது கேட்ட பிறகுதான் அவள் சோற்றில் கை வைப்பாள்.

எங்கள் பக்கம் லாரி வாங்கினால் பூசை போடாமல் யாரும் கிளப்புவதில்லை. பன்றித் தலையை வேகவைத்து வண்டி முன்னால் வைத்து, அதன் வாயில் நோட்டுகளைச் செருகிக் கும்பிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அரிசிக் கள் ஊற்றுவார்கள். கடைசியில் வெள்ளை நூல் சுற்றிய முழுக் கருவாடு ஒன்றை வண்டியில் கட்டிவைப்பார்கள். கருவாடு தலையும் கண்ணுமாக இருக்க வேண்டும். மீன் செத்தாலும் கண்ணை மூடாது; ஓட்டுகிறவன் அசந்தாலும் அது விழித்திருந்து பார்த்துக்கொள்ளும். நூல் நீளமாக இருந்தால் ஆயுளும் நீளம். ஜோங்தேயின் முதல் லாரிக்குப் பன்றித் தலை வெந்தது என் அண்டாவில்தான். உடைசலுக்குப் போகும்வரை அந்த வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

இடையில் ஜோங்தேக்கு வயிற்றில் அறுவை நடந்தது. தேவாலயத்து ஆட்கள் நாள் தவறாமல் வந்து பார்த்தார்கள். பேட்டைக்காரர்கள் ஒரே ஒரு முறை போய்ப் பழக்கூடை வைத்துவிட்டு வந்தார்கள். எழுந்து நடமாடியதும் அவன் ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்த இரண்டாவது லாரி. பழைய வண்டி. இதற்குப் பூசை கிடையாது என்று ஒரே பிடியாக நின்றான்.

"பன்னித் தலையைக் கும்பிட்டா பிரேக்கு புடிக்குமா?" என்று என் கடையில் உட்கார்ந்தே கேட்டான்.

"போன வண்டியில புடிச்சுதே" என்றாள் மால்சுன்.

"அது புது வண்டி. புடிக்காம என்ன செய்யும்? போதகர் வந்து ஜெபம் பண்ணுவாரு. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். அந்த நாத்தம் புடிச்ச மீனை மட்டும் என் வண்டிக்குள்ள பாத்தேன்..."

போதகர் வந்தார். நல்ல மனிதர், ரேடியேட்டர் மீது கை வைத்து நிதானமாக ஜெபித்தார். மால்சுனும் ஆமென் சொன்னாள். ஆனால் கள் படாத சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர் தொடங்கிய புதிதில் கியோங்ஜூ போகிற மேட்டில் வண்டி சறுக்கி, தடுப்புக் கம்பியில் உரசி நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஆண்டவர் காப்பாத்தினாரு" என்றான் ஜோங்தே. இது முதல் எச்சரிக்கை, அடுத்ததற்கு எச்சரிக்கை இருக்காது என்று மால்சுன் எடுத்துக்கொண்டாள்.

இனி தாக் குவாங்ரோக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டையின் கடைக்கோடியில் தகரக் கொட்டகை போட்ட பட்டறைக்காரர். தாக் அண்ணன் என்பார்கள் எல்லோரும். இனிமையாகப் பேசத் தெரியாத மனிதர். வண்டியைக் கொண்டு போனால் முதலில் ஏச்சுதான் விழும். "இந்தக் கிளட்சை மிதிச்ச காலைக் காட்டுடா, அதைத்தான் மொதல்ல கழட்டணும்" என்பார். புது பாகம் போடுங்கள் என்று நோட்டை நீட்டினால், "இது இன்னும் ஒரு வருசம் ஓடும், போய்ப் பொண்டாட்டிக்குச் செருப்பு வாங்கிக் குடு" என்று விரட்டுவார். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிக் கேபினில் வைத்துவிடுவார். மாற்றாத பாகத்துக்குக் காசு வாங்குகிறவன் பழைய பாகத்துக்கு எங்கே போவான்? ஒரு மெக்கானிக்கை நம்பலாமா என்று பார்க்க எங்கள் பேட்டையில் இதற்கு மேல் யாரும் சோதனை வைத்ததில்லை.

அந்தச் சறுக்கலுக்குப் பிறகு ஜோங்தே வண்டியைத் தாக் அண்ணனிடம் விட்டான். தண்ணீர் பம்பும் பெல்ட்டும் மாற்ற வேண்டியிருந்தது. வேலை முடிகிற நாளன்று மதியம் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவரச் சொல்லி மால்சுனை அனுப்பினேன். வழக்கமாக அனுப்புவதுதான். அன்று அவள் ஏப்ரனுக்குள் நூல் சுற்றிய கருவாடு இருந்தது எனக்குத் தெரியாது.

லாரியின் கேபினை முன்பக்கம் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இன்ஜின் திறந்து கிடந்தது. தாக் அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் கைகழுவிக்கொண்டிருந்தார். கேபினுக்குள் வைத்தால் ஜோங்தே மோப்பம் பிடித்துவிடுவான். இன்ஜினுக்குப் பக்கத்தில் எவன் குனிந்து பார்க்கப் போகிறான்? மேலே ஒரு இரும்புப் பட்டைக்கும் குழாய்க்கும் இடையே கருவாட்டைச் செருகி, நூலின் முனையால் ஒரு முடிச்சும் போட்டாள். "பாத்துக்க" என்று அதனிடம் சொன்னாளாம். நூலை நிறையவே சுற்றியிருந்தாள். ஆயுள் விஷயத்தில் யாராவது சிக்கனம் பார்ப்பார்களா?

தாக் அண்ணன் வந்து சாப்பிட்டார், சூப்பில் உப்புக் குறைவு என்று என்னை ஏசினார், எழுந்து கேபினை நிமிர்த்திப் பூட்டினார். சரிபார்ப்பதையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டிருந்தார்.

அந்த வாரமே அதே கியோங்ஜூ மேட்டில், முழுச் சுமையோடு ஏறும்போது ஜோங்தேயின் வண்டியில் சூடு ஏறியது. சுமையோடு மேட்டின் நடுவில் நிறுத்த முடியாது. உச்சிக்குப் போய் ஓரம்கட்டுவதற்குள் இன்ஜின் தலை சூட்டில் வெடிப்பு விட்டுவிட்டது. போன் போட்டதும் தாக் அண்ணன் தன் குட்டி வண்டியில் ஓடினார். கேபினைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் பம்பைச் சுற்றும் பெல்ட் கழன்று தொங்கியது. அது ஓடும் புல்லியில் வெள்ளை நூல் இறுக இறுகச் சுற்றி, கரியும் எண்ணெயும் பிடித்துக் கட்டியாகிக் கிடந்தது. கருவாடு எப்போதோ விழுந்து எந்தச் சக்கரத்துக்கு அடியிலோ நசுங்கியிருக்க வேண்டும்.

மெக்கானிக்குகள் போடுவது வெள்ளை நூல் கையுறை. கட்டுக்கட்டாக வாங்கிப் பட்டறை முழுக்க இறைத்து வைத்திருப்பார்கள். ஒரு நுனி எங்காவது மாட்டினால் முழுக் கையுறையும் பிரிந்து நூலாகிவிடும். தாக் அண்ணன் அந்த நூல்கட்டியைத் திருகி எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"என் கையுறைடா" என்றார். "உள்ள விட்டுட்டு மூடிட்டேன் போல."

ஜோங்தே கத்தினான். அவன் கத்தியதில் தப்பில்லை என்றுதான் அன்று பேட்டையே சொன்னது. வண்டி நின்றால் தவணை நிற்காது, லோடும் கைமாறிவிடும். தாக் அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இன்ஜின் தலையைப் புதிதாக இறக்கி, முழு வேலையையும் தன் செலவில் செய்து கொடுத்தார். ஒரு கோடி வோனுக்கு மேல் ஆனது. நான் நடத்துகிற சீட்டில் அவர் பணம் சேர்ந்துகொண்டிருந்தது, கொட்டகைக்குச் சுவர் வைக்க. அதைத் தள்ளுபடி போனாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு போனார்.

ஜோங்தே என் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது மால்சுன் உள்ளே முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை நூலு சின்னம்மா. புல்லி முழுக்கச் சுத்திக் கெடந்துச்சு. இத்தனை வருசம் நம்பினேன் பாருங்க."

அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். அன்றைய கூடை தீர்ந்தது. மறுநாளைக்கு வைத்திருந்ததையும் எடுத்து நறுக்கினாள். "ஏய், ஊருக்கே ஊறுகாயா போடப் போறே?" என்று நான் கத்திய பிறகுதான் நிறுத்தினாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். ராத்திரி அவன் சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம். சாப்பிட்டுவிட்டு அவன் கடன் கணக்கைப் பேச ஆரம்பித்ததும் நாளைக்கு என்று தள்ளினாள். மறுநாளைக்குள் தாக் அண்ணன் செலவை ஏற்றுக்கொண்டுவிட்டார். இனி சொன்னால் அந்தக் கோடியும் தங்கள் தலையில் விழும். சீட்டு எடுத்த பிறகு சொன்னால், எடுக்கும்வரை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார்கள். இப்படி ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது. ஜோங்தே ராத்திரி மண்டியிட்டு ஜெபம் செய்வான். இவளும் பக்கத்தில் மண்டியிடுவாள். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாளாம்.

பேட்டைக்காரர்களின் வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாக் அண்ணனுக்கு ஒற்றைக் கையுறை என்று பெயர் வைத்தார்கள். "சின்னம்மா, சூப்புல கையுறை கெடக்கா பாத்து ஊத்துங்க" என்பான் ஒருத்தன். "ஒத்தை மட்டும் கெடந்தா சொல்லு, ஜோடி இருக்கு" என்பான் இன்னொருத்தன். அவர் உள்ளே வந்தால் சிரிப்பு நிற்கும். அது அதைவிட மோசம். கொஞ்சம் கொஞ்சமாக வண்டிகள் அவர் கொட்டகைக்குப் போவது குறைந்தது.

குறையாமல் இருந்தாலும் அவர் பழைய ஆளாக இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கையுறை தொலையாமல் இருக்க நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவோமே, அதேபோல் தன் கையுறைகளைக் கோத்து மாட்டிக்கொண்டார். ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்ப வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பார். ஏச்சை நிறுத்திவிட்டார். கிளட்சை எரித்துக்கொண்டு வந்தவனிடம்கூட, "பாக்கலாம்ப்பா, என்னால முடிஞ்சதைப் பண்றேன்" என்றாராம். அவன் பயந்துபோய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

ஜோங்தே நெடுஞ்சாலை முனையில் உள்ள பெரிய பட்டறைக்கு மாறினான். கண்ணாடிச் சுவர், காத்திருப்பவர்களுக்கு காபி இயந்திரம், கம்ப்யூட்டரில் வண்டியின் வியாதியைப் படம் போட்டுக் காட்டும் இளவட்டங்கள். முதல் தடவை திரும்பி வந்து காபியைப் பற்றித்தான் அதிகம் பேசினான். அதன் பிறகு சென்சார் போனது என்றார்கள், டர்போ போனது என்றார்கள். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று போனது. வண்டி வாரக்கணக்கில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது.

"பழைய டர்போவைக் குடுத்தாங்களாடா?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணுமாம் சின்னம்மா."

"ஆமா, அது பொறந்த வீட்டுக்குப் போகுது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருந்தவளுக்கும் வரவில்லை.

மால்சுன் தாக் அண்ணனுக்குத் தனியாகச் சமைக்க ஆரம்பித்தாள். என் சாப்பாட்டோடு அவள் போட்ட முள்ளங்கி ஊறுகாய், குர்யோங்போவிலிருந்து வரவழைத்த பனியில் காயவைத்த மீன், எள் எண்ணெயில் புரட்டிய கீரை என்று எதையாவது கட்டிக்கொண்டு போவாள். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவது என்றுதான் கிளம்புவாளாம். வாசலில் அவர் கழுத்தில் தொங்கும் நாடாவைப் பார்த்ததும் டப்பாவை வைத்துவிட்டுத் திரும்புவாள்.

ஒரு நாள் அவர் அவளை நிறுத்தினார். "உன் புருசன் வண்டியை நாசம் பண்ணினவன் நான். ஊரே முகத்தைத் திருப்பிக்கிச்சு. நீ மட்டும் எனக்குச் சோறு கொண்டு வர்றே. நான் கும்புடுற சாமி எதுவும் இல்ல தங்கச்சி, இருந்தா உனக்காகக் கும்பிட்டிருப்பேன்" என்றாராம். தாக் அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று சொன்னால் பேட்டையில் நம்ப மாட்டார்கள். அன்று அவள் கடைக்கு வந்து கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கண் சிவந்து வெளியே வந்தவளிடம் என்னடி என்றதற்கு, மிளகாய்த் தூள் என்றாள்.

பனி உருகத் தொடங்கிய சமயத்தில் ஒரு மதியம் தாக் அண்ணன் கடைக்கு வந்தார். கூட்டம் நிறைந்திருந்தது. ஜோங்தே மூலை மேசையில் கியர் பெட்டியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தான். கண்ணாடிப் பட்டறையில் அடுத்து கியர் பெட்டி என்று சொல்லிவிட்டார்களாம். தாக் அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே என்னிடம் சொன்னார்.

"இந்த மாசத்தோட கொட்டகையைக் காலி பண்றேன். யோங்தோக்ல ஒரு ஐஸ் கிடங்குல காவல் வேலை இருக்கு. சீட்டுப் பாக்கியை அங்கேருந்து அனுப்பிடறேன்."

"காவல் வேலையா? உன் கைக்கு என்ன வந்துச்சு?"

"கை நல்லாத்தான் இருக்கு. அதை நான் நம்பலே. என் கண்ணு முன்னால கெடந்த கையுறையை விட்டுட்டு மூடியிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்லே, அதான் பயமா இருக்கு. அடுத்தவாட்டி பிரேக்குல விட்டா? ஒருத்தன் செத்துப்போவான்."

கையுறைக் கிண்டல் செய்தவன் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அடுப்படித் திரையை விலக்கிக்கொண்டு மால்சுன் வந்தாள். கையில் ஈரம். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அது உங்க கையுறை இல்லண்ணே."

"என்ன?"

"நான் கருவாடு வச்சேன். நூல் சுத்தி. நீங்க கைகழுவப் போனப்ப இன்ஜின் மேல வச்சேன். அந்த நூல்தான்."

ஜோங்தே எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "என்ன கருவாடு? என்ன சொல்றே நீ?"

"நீங்க பூசை போடலேன்னு. வண்டி சறுக்குச்சே, அதனால. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அங்க வச்சேன்." அவன் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு மறுபடி தாக் அண்ணனைப் பார்த்தாள். "மன்னிச்சிடுங்கண்ணே. மன்னிச்சிடுங்க."

அந்த வார்த்தையை எத்தனையோ வாட்டி அவள் வாயால் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதைச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது.

தாக் அண்ணன் மெல்ல ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நூல் எங்க வாங்கினே?"

"சந்தையில. பூசைச் சாமான் கடையில."

"பஞ்சு நூலா? முறுக்குனதா?"

"ஆமாண்ணே. முழுக் கண்டும் சுத்தினேன்."

"அப்ப நான் எதையும் உள்ள விடலே."

"இல்லண்ணே. நீங்க ஒண்ணையும் விடலே."

அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தார். அழப்போகிறார், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"இந்தக் குளிர் முழுக்க நான் கையுறையைக் கழுத்துல கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். தினம் வந்தியே. பாத்தேதானே?"

"பாத்தேண்ணே."

"பாத்துட்டு ஊறுகாய் வச்சிட்டுப் போனே."

அவள் ஈரக் கையை அப்போதுதான் ஏப்ரனில் துடைத்தாள்.

"அதைப் பாசம்னு நினைச்சேன்" என்றார்.

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. தோளைப் பிடித்து அவளை நான் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

ஜோங்தே என்ன செய்வான் என்று எல்லோரும் அவனைப் பார்த்தோம். பெண்டாட்டியை அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் கத்துவான் என்று எதிர்பார்த்தோம். அவன் அவளைத் தாண்டிப் போய், கடைத் தரையில், கிம்ச்சி சிந்திக் கிடந்த இடத்திலேயே தாக் அண்ணன் முன்னால் மண்டியிட்டான்.

"அண்ணே, இந்தக் கடையில உக்காந்து உங்க பேரைக் கெடுத்தவன் நான். பூசை போடலேன்னு நான் முரண்டு புடிச்சதுலதான் அவ ஒளிச்சு வச்சா. காசை மாசாமாசம் அடைச்சிடறேன்."

"எந்திரி, தரையெல்லாம் மிளகாய்" என்றார் தாக் அண்ணன். பிறகு, "கியர் பெட்டியில என்னாங்கிறான் அந்தக் காபிக்காரன்?" என்று கேட்டார்.

"மொத்தமா மாத்தணுமாம்."

"சத்தம் எந்த கியர்ல வருது?"

"மூணுல மட்டும்."

"மூணுல மட்டும் வந்தா மொத்தமா மாத்தச் சொல்றான், நீயும் வாயைப் பொளந்துகிட்டுக் கேட்டுட்டு வர்றே! உனக்கெல்லாம் எவண்டா லைசென்ஸ் குடுத்தது? வண்டியை எடுத்துட்டு வா!"

கடையே சிரித்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே போகும்போது அவர் என் அருகில் நின்று தணிந்த குரலில், "நாளையிலேருந்து சாப்பாட்டை வேற யார்கிட்டயாவது குடுத்தனுப்பு" என்றார்.

இப்போது அவர் கொட்டகைக்கு நானே சாப்பாடு கொண்டுபோகிறேன். வண்டிகள் திரும்பி வந்துவிட்டன. கையுறைக் கிண்டல் செய்தவன்தான் முதலில் வந்தான், வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. தேவையே இல்லாமல் எண்ணெய் மாற்றிக்கொண்டு போனான். ஜோங்தே ஒவ்வொரு மாதமும் பணம் கொடுக்கிறான். ஜெபத்தையும் விடவில்லை. வீட்டில் மால்சுனோடு சில நாள் பேசாமல் இருந்தவன், பிறகு பேசிவிட்டான். மேட்டில் வண்டி ஏறும்போது அவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று அவனே என்னிடம் சொன்னான்.

மால்சுன் மறுபடி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறாள், பூனை உள்பட. சாலையில் தாக் அண்ணன் எதிர்ப்பட்டால் அவர் நின்று, குனிந்து, முன்பின் தெரியாத வீட்டம்மாவுக்குச் சொல்வதுபோல் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். பேட்டையில் அவர் ஏசாத ஆள் வேறு யாருமே இல்லை. மதியம் நான் டப்பாவோடு திரும்பி வரும்போதெல்லாம் அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.

"என்னைப் பத்தி ஏதாவது ஏசினாரா அக்கா?"

"இல்லடி."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் முள்ளங்கியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள்.